பார்க்கலை, ஆத்தா

நகராதீங்க தாயி, ஓரத்தில் இவ்வளவு இடம் போதும் எனக்கு. வத்தலக்குண்டில் ஏறினதிலிருந்து கம்பியைப் பிடிச்சுக்கிட்டே வர்றேன். தடிதடியாய்ப் பயல்கள் உட்கார்ந்திருக்கான், ஒருத்தனும் எந்திரிக்கலை. என்னைப் பார்த்ததும் எல்லாவனுக்கும் தூக்கம் வந்துருச்சு. நீங்க பொம்பளைப் பிள்ளை, பையைத் தூக்கி மடியில் வச்சுக்கிட்டு, “உட்காருங்கய்யா”ன்னு சொன்னீங்க. நல்ல வளர்ப்பு.

எதுவரைக்கும் போறீங்க? திண்டுக்கல்லா? நானும் அங்கேதான். நல்லதாய்ப் போச்சு.

பின்னாடி ஒரு வெள்ளை வண்டி வருது பாருங்க, அது எங்க வண்டி. என் மகன்கள் ரெண்டு பேரும் அதில்தான் வர்றாங்க. பெரியவன் தவசி, சின்னவன் பவுன்ராஜ். எனக்குக் கதவைச் சாத்தின வண்டியில் ஏறினால் குமட்டும். அதனால் நான் பஸ், அவங்க வண்டி. பஸ்ஸை முந்தாதீங்கடான்னு சொல்லியிருக்கேன். சொன்னபடி வர்றாங்க. எனக்கு அடங்கின பிள்ளைகள்.

மடியில் என்ன கட்டு அது, பரீட்சைத் தாளா? டீச்சரா நீங்க? நினைச்சேன். பேச ஆரம்பிக்கும்போதே தெரிஞ்சது, ஒவ்வொரு சொல்லையும் பிரிச்சுப் பிரிச்சுப் பேசறீங்க.

வருத்தப்படாதீங்க, முகத்துக்கு நேராகவே சொல்லிடறேன். எனக்கு வாத்தியார் ஜாதியையே பிடிக்காது.

நான் மூணாவதோடு நின்னவன். ஏன் நின்னேன்? ஒரு நாள் வாத்தியார் கேட்டார், “சாமி எங்கடா இருக்கார்?” ஒருத்தன் கோவில்ல இருக்கார்னான். ஒருத்தன் வானத்திலன்னான். ஒருத்தன் தூணிலும் இருக்கார் துரும்பிலும் இருக்கார்னு புஸ்தகத்தில் இருந்ததைச் சொன்னான், அவனுக்குக் கைதட்டினாங்க. நான், “எங்க வீட்டுப் பெட்டியில இருக்கார்”னேன். வாத்தியார் சிரிச்சார் பாருங்க! மேஜையில் தட்டித் தட்டிச் சிரிச்சார். வகுப்பே சிரிச்சது. “பெட்டியைப் பூட்டி வை, சாமி ஓடிரப் போறாரு”ன்னார். அன்னைக்கு வெளியே வந்தவன்தான். இத்தனை வருஷம் ஆச்சு, அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கு. அந்த ஆள் செத்தப்போ ஊரே போச்சு, நான் போகலை.

ஆனால் நான் சொன்னது பொய்யில்லை. எங்க சாமி பெட்டியில்தான் இருக்கு.

எங்க ஊர் வெள்ளிமடை. கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க, சின்ன ஊர். மேலத்தெரு எங்களது. கீழத்தெரு அவங்களது. யார்னு கேட்காதீங்க, எல்லா ஊரிலும் இருக்கிற மாதிரிதான். எங்க மேலத்தெரு வகையறாவுக்குக் குலசாமி சோலைக்கன்னி. அவளோட பெட்டியைத் தூக்கற உரிமை எங்க வீட்டுக்கு. என் அப்பன், என் பாட்டன், அவனுக்கு அப்பன், எல்லாரும் பெட்டிக்காரங்க. மாசி மாசம் சிவராத்திரிக்குப் பெட்டியைத் தலையில் வச்சு, வாயில் துணியைக் கட்டிக்கிட்டு, மலையடியில் இருக்கிற சோலைக்குப் போவோம். அங்கே பெட்டியைத் திறக்கணும். திறக்கும்போது நான் கண்ணை மூடிக்குவேன். சுத்தி நிற்கிற ஆம்பிளைகள் எல்லாரும் அப்படியே முதுகைக் காட்டித் திரும்பிக்குவாங்க. திரும்பிக்கிட்டு ஒரே குரலில் சொல்லணும், “பார்க்கலை ஆத்தா, பார்க்கலை.” மூணு தடவை. அதுதான் எங்களுக்கு மந்திரம்.

ஏன்னு கேட்பீங்க. டீச்சராச்சே. அவள் கன்னி, தாயி. கன்னிப் பொண்ணைக் கண்ணால் பார்க்கலாமா? அஞ்சு அண்ணன்மாருக்கு ஒரே தங்கச்சி அவள். சோலைக்குப் பூப்பறிக்கப் போனாள், திரும்பி வரலை. ஜோதியாகிட்டாள். அண்ணன்மார் தேடினாங்க, கிடைக்கலை. யாரும் பார்க்கலை. அவ்வளவுதான் கதை. எங்க அப்பன் எனக்கு இவ்வளவுதான் சொன்னார். நான் மேற்கொண்டு கேட்கலை. கேட்காததால் எனக்கு ஒரு குறையும் வந்துடலை.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

இவங்க ரெண்டு பேருக்கும் மூத்தவன் ஒருத்தன் இருந்தான், லாரியில் அடிபட்டுப் போயிட்டான். அவன் மகள் நாகஜோதி அப்போ பால்குடி. அவளைப் பெத்தவள் வேற கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போயிட்டாள். பிள்ளையை நான்தான் வளர்த்தேன். என் கையால் தலைசீவி, பூ வச்சு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். ஆம்பிளை பின்னின சடை எப்படி இருக்கும்? கோணலாய்த்தான் இருக்கும். கேலி பண்ணுவாங்களாம். “எங்க தாத்தா பின்னினது, உனக்கென்னடி”ன்னு சண்டைக்குப் போயிட்டு வருவாள். அப்படி இருந்தவள், தாயி.

அவள் ஏழாவது படிக்கும்போது வந்தாள் அந்த எமல்டா டீச்சர். சமூகப் பாடம். திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு வரைக்கும் பஸ், அங்கிருந்து ஸ்கூட்டர். ஒல்லியான பொம்பளை, சத்தமாய்ப் பேசமாட்டாள். அப்படிப்பட்டவங்களைத்தான் நம்பக்கூடாது.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் புஸ்தகத்தை மூடி வச்சுடுவாளாம். “உங்க வீட்டுல எப்படிக் கும்பிடுவீங்க, சொல்லுங்க”ன்னு பிள்ளைகளைக் கேட்பாளாம். பாய் கடை மகள் நோன்பு எப்படி இருப்பாங்கன்னு சொல்லியிருக்கு. தையல்காரர் மகன் சர்ச்சில் அப்பம் கொடுக்கிறதைச் சொல்லியிருக்கான். செங்கொடிச் சங்கத்துக்காரன் மகன் ஒருத்தன், “எங்க வீட்டுல சாமியே இல்ல மிஸ், படம்கூட இல்ல”ன்னு சொல்லியிருக்கான். பிள்ளைகள் சிரிச்சிருக்கு. அதுக்கு இவள், “சிரிக்கக்கூடாது. அதுவும் ஒரு வீடு. யார் எதைச் சொன்னாலும் இந்த வகுப்புல யாரும் சிரிக்கக்கூடாது”ன்னு சொன்னாளாம். நாகஜோதி வந்து இதை எனக்குப் பெருமையாய்ச் சொன்னாள். சாமி இல்லைங்கிறவனைப் பார்த்துச் சிரிக்கக்கூடாதாம்! பள்ளிக்கூடம் போகிற போக்கைப் பாருங்கன்னு நான் அன்னைக்கே தவசிகிட்ட சொன்னேன்.

அதோடு விட்டாளா? ஆண்டு விழா வந்தது. எல்லாப் பள்ளிக்கூடத்திலும் பிள்ளைகள் ஆடும், பாடும். இவள் என்ன பண்ணினாள்னா, பிள்ளைகளை ஜோடி ஜோடியாய்ப் பிரிச்சாள். “உன் வீட்டுச் சாமியை அவன் சொல்லணும், அவன் வீட்டுச் சாமியை நீ சொல்லணும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. சொந்த வீட்டைச் சொல்ற மாதிரி மரியாதையாச் சொல்லணும்.” அதுதான் சட்டம். யாருக்கு யார்னு திருவுளச்சீட்டு போட்டாளாம். சீட்டில் நாகஜோதிக்கு வந்தது மதியழகன். கீழத்தெருப் பயல்.

எனக்கு அது தெரியாது. தெரிஞ்சிருந்தால் விட்டிருப்பேனா?

ஒரு சாயங்காலம் வந்து என் முதுகுப் பக்கம் உட்கார்ந்துக்கிட்டு, காலைப் பிடிச்சுவிட்டுக்கிட்டே கேட்டாள். “தாத்தா, நம்ம பெட்டிக்குள்ள என்னென்ன இருக்கு?”

“பொம்பளைப் பிள்ளை அதையெல்லாம் கேட்கக்கூடாது.”

“டீச்சர் கேட்டுட்டு வரச் சொன்னாங்க தாத்தா. சொல்லாட்டி நான் மட்டும் சும்மா நிப்பேன்.”

நான் என்ன பண்ணுவேன்? பிள்ளை மேடையில் சும்மா நிற்கலாமா? சொன்னேன். கண்ணால் பார்த்ததில்லை, ஆனால் கைக்குத் தெரியுமே. ஒரு பழைய சேலை இருக்கும். உடைஞ்ச வளையல். மரச்சீப்பு. ஒரு அரிவாள். அதுக்கும் அடியில் ஒரு வெள்ளி அரைஞாண்.

“பொம்பளைச் சாமிக்கு அரிவாள் எதுக்கு தாத்தா?”

“காவலுக்கு.”

“அரைஞாண்?”

“வழிவழியா இருக்கு, போ.”

“சின்னப்பிள்ளை அரைஞாணா?”

“இல்லடா, ஆம்பிளை இடுப்பு அளவு இருக்கும். நடுவுல ஒரு கண்ணி மட்டும் விரலுக்குச் சொரசொரன்னு இருக்கும். செம்புல ஒட்டுப்போட்டிருக்குன்னு என் பாட்டன் சொல்வார்.”

பெட்டி விஷயத்தை வெளியே சொன்ன பாவம் யாருக்குச் சேரும், நீங்களே சொல்லுங்க. கேட்கச் சொன்னவளுக்குத்தானே?

விழாவுக்கு நான் வெளுத்த வேட்டி கட்டிக்கிட்டுப் போனேன். முன்வரிசையில் நாற்காலி போட்டுக் கொடுத்தாங்க, பெட்டிக்காரர்னு. மேலத்தெருக்காரங்க எல்லாம் நாற்காலியில். கீழத்தெருக்காரங்க பின்னாடி தரையில். அவங்களை உட்காரச் சொல்லி இந்த எமல்டா பெஞ்சு தூக்கிக்கிட்டுப் போனாள், அவங்க வேண்டாம்னுட்டாங்க. அவங்களுக்குத் தெரிஞ்ச முறை இவளுக்குத் தெரியலை.

மத்த ஜோடிகள் எல்லாம் வந்து போச்சு. பாய் கடை மகள் அந்தச் சாமி இல்லாத வீட்டைப் பத்திச் சொன்னதுக்குக் கைதட்டல். அப்புறம் கூப்பிட்டாங்க, “நாகஜோதி, மதியழகன்.”

அந்தப் பயல் முதலில் பேசினான். கையைக் கூப்பிக்கிட்டு, எங்க சோலைக்கன்னி கதையைச் சொன்னான். பூப்பறிக்கப் போனது, ஜோதியானது, அண்ணன்மார் தேடினது, நாங்க திரும்பி நின்னு பார்க்கலை ஆத்தான்னு சொல்றது. எல்லாம் சொன்னான். ஒரு சொல் பிசகலை. குறை சொல்ல இடமே கொடுக்கலை. அதுதான் தாயி எனக்கு வயிறு எரிஞ்சது. எங்க ஆத்தாளை அவன் வாய் அவ்வளவு அழகாய்ச் சொல்லலாமா?

அப்புறம் என் பேத்தி. கீழத்தெருச் சாமியைச் சொல்லணும். நான் அவங்க சாமியை ஒரு பொருட்டாய் நினைச்சதில்லை. எங்க பழைய தோட்டத்துக் கிணத்து மேட்டில் ஒரு கல் நட்டிருப்பாங்க, வருஷத்துக்கு ஒரு தடவை வந்து கத்திட்டுப் போவாங்க, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பிள்ளை சொல்லித்தான் கேட்டேன்.

“எங்க சாமி பேரு சின்னாண்டி. மேலத்தெருத் தோட்டத்துல மாடு பூட்டிக் கமலையில தண்ணி இறைச்சவரு. அவருக்கு இடுப்புல ஒரு வெள்ளி அரைஞாண் இருந்துச்சு. ஒருநாள் வேலைக்குப் போனவரு வீட்டுக்கு வரல. அவங்கம்மா கிணத்து மேட்டுல நின்னு பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. பதில் இல்ல. மேலத்தெருவுல கேட்டாங்க. எல்லாரும் பார்க்கலைன்னு சொன்னாங்க. அப்புறம் கிணத்துல மிதந்தாரு. இடுப்புல அரைஞாண் இல்ல. அதனால நாங்க வருஷா வருஷம் கல்லுக்குப் புது அரைஞாண் கயிறு கட்டி, அவர் பேரைச் சொல்லிக் கூப்பிடுவோம். பதில் வருதான்னு கொஞ்ச நேரம் காத்திருப்போம். அப்புறம் வீட்டுக்கு வந்துருவோம். அந்த அரைஞாண் எப்படி இருக்கும்னா, ஒரு கண்ணி அந்து போச்சுன்னு அவங்கம்மா வெள்ளிக்கு வழியில்லாம செம்புல ஒட்டு...”

அங்கே நின்னுட்டாள்.

மைக்கைப் பிடிச்சுக்கிட்டு என்னையே பார்க்கிறாள். அப்புறம் அந்த மைக்கிலேயே கேட்டாள். “தாத்தா, நம்ம பெட்டியில இருக்கே, அதா தாத்தா?”

எங்க ஆட்கள் யாரும் என்னைப் பார்க்கலை. பின்னாடி தரையில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி எழுந்து நின்னாள். “ஒரு கண்ணி செம்பாம்மா?”ன்னு கேட்டாள். யாரையும் பார்த்துக் கேட்கலை. சும்மா காற்றில் கேட்டாள். திரும்பத் திரும்பக் கேட்டாள். “ஒரு கண்ணி செம்பாமே? ஒரு கண்ணி செம்பாமே?”

பாருங்க தாயி, எத்தனை தலைமுறையாய் அவங்க ஒரு பக்கம் கும்பிட்டாங்க, நாங்க ஒரு பக்கம் கும்பிட்டோம். யாருக்கும் ஒரு குறை இல்லை. எப்போ ஒருத்தன் கதையை இன்னொருத்தன் வாயில் வச்சாளோ, அப்போதான் எல்லாம் கெட்டுச்சு. இதுதான் பாடமா?

அன்னைக்குச் சாயங்காலம் டீச்சர் என் வீட்டு வாசலுக்கு வந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. “ஐயா, பிள்ளையை அடிச்சிராதீங்க. தப்பு இருந்தா என்னுது”ன்னாள். என் பேத்தியை அடிக்காதேன்னு எனக்கு அவள் சொல்றாள்! நான் அந்தப் பிள்ளை மேல் ஒரு நாளும் கை வச்சதில்லை. அன்னைக்கு வச்சேன். அவள் சொன்னதால்தான் வச்சேன்.

அப்புறம் நான் வீடு வீடாய்ப் போனேன். அவள் மதம் மாத்தத்தான் வந்திருக்காள்னு சொன்னேன். செங்கொடிச் சங்கத்துக்காரன் மட்டும், “அவங்க எந்தப் பிள்ளைகிட்டயும் அவங்க சாமியப் பத்தியே பேசலையேப்பா”ன்னு இழுத்தான். அதுதான்டா தந்திரம்னேன். வாயை மூடிக்கிட்டான். ஊர் சேர்ந்து மேலிடத்துக்கு மனு போட்டோம். அதுக்குப் பதில் வர்றதுக்குள் அவள் ஸ்கூட்டர் எங்க தோட்டத்துக் கிணத்தில் கிடந்தது. போலீஸ்காரங்க வந்து கேட்டாங்க. நாங்க பார்க்கலைன்னோம். நிஜமாகவே நான் பார்க்கலை. அன்னைக்குப் பவுன்ராஜ், “அப்பா, நீங்க கொஞ்ச நேரம் கோவில் பக்கம் போய் உட்காருங்க”ன்னான். போய் உட்கார்ந்தேன். பார்த்தால்தானே சொல்றதுக்கு?

அவள் மாத்தல் வாங்கிக்கிட்டுப் போனாள். போகும்போது பஸ் நிறுத்தத்தில் நாகஜோதியைக் கூப்பிட்டு, எங்க ஆட்கள் இத்தனை பேர் நிற்கும்போதே சொல்லியிருக்காள். “எப்ப வேணும்னாலும் வா. எங்க வீட்டுக் கதவு உனக்குத் திறக்கும்.”

இந்தச் சொல்தான் தாயி. இதை மட்டும் நான் மறக்கவே இல்லை. எங்க பிள்ளைக்கு எங்க வீட்டுக் கதவு இல்லையா? இவள் யார் கதவைத் திறக்க?

அதிலிருந்து பிள்ளை மாறிட்டாள். பேசுவாள், சோறு போடுவாள், மாத்திரை எடுத்துக் கொடுப்பாள். தாத்தான்னு மட்டும் கூப்பிடலை. தானே சடை பின்னிக்கிட்டாள். நேராய்ப் பின்னிக்கிட்டாள். ஒவ்வொரு வருஷமும் பெட்டி புறப்படும்போது வாசலில் நின்னு கண்ணைத் திறந்து பெட்டியையே பார்ப்பாள். திரும்பிக்கோடின்னு சித்தப்பன்மார் கத்துவாங்க. திரும்பமாட்டாள்.

பன்னிரண்டாவது முடிச்சாள். காலேஜ் போவேன்னு நின்னாள். சேர்த்துவிட்டேன், நான்தான். நான் கெட்டவனாய் இருந்தால் சேர்த்துவிடுவேனா? அங்கேயும் அந்த மதியழகன். ஒரே பஸ். அவனும் இவளும் நிறுத்தத்தில் நின்னு பேசறாங்கன்னு சொன்னாங்க. என்னடி பேச்சுன்னு கேட்டேன். “பாடம்”னாள். வேற ஒண்ணும் இல்லையான்னேன். “இருந்தா என்ன?”ன்னாள். இருக்குன்னு சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை. அந்தத் திமிர் யார் கத்துக்கொடுத்தது?

பவுன்ராஜ் மச்சினனுக்கு அவளைப் பேசி முடிச்சோம். மாசி கழிச்சுக் கல்யாணம்.

போன வாரத்திலிருந்து அந்தப் பயலைக் காணோம். எங்கேயாவது வேலை தேடித் திருப்பூர், கோயம்புத்தூர்னு போயிருப்பான். இந்தக் காலத்துப் பயல்கள் சொல்லிக்கிட்டா போறாங்க? அவன் அம்மாதான் எங்க தோட்டத்துக் கிணத்து மேட்டில் வந்து நின்னுக்கிட்டு, “மதி, மதியழகா”ன்னு கூப்பிடறாள். சாமி கும்பிடற நாளும் இல்லை, ஒண்ணும் இல்லை. வர்றாள், கூப்பிடறாள், கொஞ்ச நேரம் நிற்கிறாள், போறாள். அடுத்த நாளும் வர்றாள். எனக்குச் சோறு இறங்கலை. வேலி போடுடான்னு தவசிகிட்ட சொன்னேன்.

நாகஜோதி வந்து கேட்டாள். சித்தப்பன்மார் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. “அவன் எங்க?”

தவசி தலையைத் தூக்கலை. “பார்க்கலை”ன்னான். பவுன்ராஜும், “பார்க்கலை”ன்னான்.

அவள் என்கிட்ட வந்தாள். எத்தனையோ வருஷம் கழிச்சு, “தாத்தா”ன்னு கூப்பிட்டாள். “தாத்தா, நீங்களாவது சொல்லுங்க.”

எனக்குத் தெரிஞ்சதைத்தானே நான் சொல்ல முடியும்? “பார்க்கலைடா”ன்னேன்.

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் உள்ளே போயிட்டாள். விடிஞ்சு பார்த்தால் ஆளைக் காணோம். சாமி அறையில் பெட்டி திறந்து கிடக்கு. சேலை மடிச்சது மடிச்சபடி. வளையல், சீப்பு, அரிவாள் எல்லாம் இருக்கு. அரைஞாண் மட்டும் இல்லை. கன்னிப் பிள்ளை, கண்ணைத் திறந்துக்கிட்டுப் பெட்டியைத் திறந்திருக்காள், தாயி! எங்க வம்சத்தில் நடக்காத காரியம். தவசி கை கழுவிட்டு வந்து, “அரைஞாணோட அவ போலீஸுக்குப் போறதுக்கு முன்னாடி போகணும்ப்பா”ன்னான். எதுக்கு போலீஸ்னு நான் கேட்கலை.

எங்கே போயிருப்பாள்? எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கலை. அந்தக் கதவுதான்.

பவுன்ராஜ் விசாரிச்சுட்டான். பெரிய சர்ச்சுக்குப் பின்தெரு, பச்சைக் கதவு. பகலில் எமல்டா வேலைக்குப் போயிடுவாள். பிள்ளை மட்டும்தான் இருக்கும். அதுக்குத்தான் இந்த நேரம் பார்த்துப் புறப்பட்டோம்.

இந்தப் பையா? அவளுக்குச் சீனிச்சேவு. அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். வண்டியில் ஏறினதும் கையில் கொடுக்கணும், வழியில் அழாமல் இருப்பாள். கீழே இருக்கிறது சேலை. சிவராத்திரிக்கு ஆத்தாளுக்கு வருஷம் ஒரு புதுச்சேலை வாங்குவோம், பெட்டியில் வைக்க. இந்த வருஷம் தவசி முன்னாடியே வாங்கிட்டான். ரெண்டு வாங்கியிருக்கான். ஒரே நிறம், ஒரே கரை. ஒண்ணு ஆத்தாளுக்கு. இன்னொண்ணு எதுக்குடான்னு கேட்க வாயெடுத்தேன். அவன் முகத்தைப் பார்த்துட்டு விட்டுட்டேன். கல்யாணத்துக்காய் இருக்கும். நீங்க என்ன நினைக்கிறீங்க? கல்யாணத்துக்காய்த்தான் இருக்கும்.

கல்யாணச் சேலையைப் பெட்டிச் சேலை நிறத்தில் எடுக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. ஆனால் ஆம்பிளைகளுக்கு அது எங்கே தெரியுது?

செம்பட்டி தாண்டிருச்சா? அப்போ இன்னும் கொஞ்ச தூரம்தான்.

தாயி, உங்களால் ஒரு சின்ன ஒத்தாசை ஆகணும். என் குரல் கேட்டால் அவள் கதவைத் திறக்கமாட்டாள். சித்தப்பன்மார் குரல் கேட்டால் பின்பக்கமாய் ஓடிடுவாள். ஒரு பொம்பளைக் குரல், அதுவும் டீச்சர் குரல் கேட்டால் திறந்துடுவாள். உங்க குரல் அந்த எமல்டா குரல் மாதிரியே இருக்கு, பிரிச்சுப் பிரிச்சு. நீங்க வந்து கதவைத் தட்டி, “நாகஜோதி”ன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான். அவள் தாழ்ப்பாளை நீக்கினதும் உங்க வேலை முடிஞ்சது. நீங்க அப்படியே திரும்பி நடந்து போய்க்கிட்டே இருக்கலாம். உங்களுக்கு ஒரு பொல்லாப்பும் வராது. பார்த்தவங்களுக்குத்தானே பொல்லாப்பு?

வண்டியிலேயே உங்களைக் கொண்டுபோய் விடச் சொல்றேன்.

யாருக்குப் போன் பண்றீங்க? வீட்டுக்கா? சொல்லுங்க சொல்லுங்க, வர நேரமாகும்னு சொல்லிடுங்க. தெரு பேரா? பெரிய சர்ச்சுக்குப் பின்தெருன்னு சொன்னேனே. பச்சைக் கதவு. பிள்ளை பேர் நாகஜோதி. ஆமாம், அவள் மட்டும்தான் இருக்காள். ஏன் தாயி, உங்க வீட்டுக்காரர்கிட்ட இதெல்லாமா சொல்வீங்க? சரி, சொல்லுங்க. இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாத்தையும் சொல்லிடறீங்க.

முகம் வெளுத்திருக்கே, பஸ் ஒத்துக்கலையா? ஒரு வாய் சேவு சாப்பிடுங்க.

எதுக்கு எந்திரிக்கிறீங்க? ஊர் இன்னும் வரலையே. ஏன் பின்னாடி குனிஞ்சு பார்க்கிறீங்க? அது எங்க வண்டின்னு சொன்னேனே, வேற ஒண்ணும் இல்லை. நம்பரையா படிக்கிறீங்க? நம்பர் எதுக்கு தாயி?

உட்காருங்க. எல்லாரும் நம்மையே பார்க்கிறாங்க. உட்காருங்க சொல்றேன். ஏன் என் முகத்தை அப்படிப் பார்க்கிறீங்க? அந்தப் பிள்ளையும் அன்னைக்கு இப்படித்தான் பார்த்தாள். நான் என்ன பண்ணிட்டேன்? நான் எதையும் பார்க்கலையே.

பார்க்காதீங்க தாயி. எங்க ஊரில் யாரும் இப்படிப் பார்க்கமாட்டாங்க. கொஞ்ச நேரம்தான். அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க.